மழைக்கு மன்னிப்புக் கேட்ட வீடு

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரர் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, எங்கள் தெரு இட்லிக்கடைக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, மலைக்கா? மாலை எப்பப் போட்டீக?”

“மலைக்கு இல்லப்பா. கடலுக்கு.”

“ராமேஸ்வரமா?”

“அதுக்கும் அங்கிட்டு” என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறினார். பை மட்டும் படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்று நான் தள்ளினேன். எங்கள் வெளிநாட்டுப் பயணம் இப்படித்தான் தொடங்கியது.

பை எங்கள் மகள் வாங்கிக் கொடுத்தது. சென்னையில் வேலை பார்க்கிறாள். எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்குப் பட்டுப்புடவை எடுப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவளோ இலங்கையின் தெற்குக் கரையில், சந்தடி இல்லாத ஒரு கடலோர வீட்டில் ஒரு வாரம் தங்க ஏற்பாடு செய்துவிட்டு, ஆளுக்கொரு பையை அனுப்பி வைத்தாள். பெட்டி இழுக்கக் கூடாது, டூர் கும்பலோடு போகக் கூடாது, யாராவது சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எப்படி என்று மட்டும் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்களுக்குப் பாத்திரக்கடை. கடையை நான் பார்க்கிறேன். இவர் பாதி நேரம் கடையில், பாதி நேரம் பரளச்சியில் இருக்கும் கரிசல் காட்டில். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தக் காட்டில் பருத்தி போட்டிருந்தார். புழுதி விதைப்பு. அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது. நல்ல மழை விழுந்தால் பயிர் முந்திக்கொள்ளும். மழையே வராவிட்டாலும் விதை கொஞ்ச நாள் மண்ணுக்குள் தூங்கும். அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால்தான் ஆபத்து. விதை ஊறி, வெடித்து, அடுத்த ஈரம் கிடைக்காமல் செத்துவிடும்.

இரண்டு வருடமாக அதுதான் நடந்தது. எங்கள் காட்டைச் சுற்றிப் பலர் சோலார் தகடு பதிக்கிறவர்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். எங்களிடமும் புரோக்கர் வந்தார். “இந்த வெள்ளாமையும் கையை விரிச்சிருச்சுன்னா குடுத்துர்றேன்” என்று இவர் சொல்லிவிட்டார். நான் டவுனில் பிறந்தவள். எனக்கு அந்தக் காட்டின் மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. ஆனால் புரோக்கரை அனுப்பிவிட்டு வந்து இவர் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றையிலிருந்து எனக்கும் அந்த மழை வேண்டியிருந்தது.

மதுரையில் ஏறிய விமானத்தில் இவர் பெல்ட்டைப் போட்டு, அதைக் கழற்றக் கற்றுக்கொள்வதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ரயில். கடலை ஒட்டியே ஓடுகிற ரயில். அலை தெறித்து ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கூடைக்காரர் வடை கொண்டு வந்தார். பருப்பு வடைதான். ஆனால் ஒவ்வொரு வடையின் மேலும் முழு இறால், தலை மீசையோடு குப்புறப் படுத்திருந்தது. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வடையா, சவாரியா?” என்றார். ஆளுக்கு மூன்று தின்றோம்.

ரயிலுக்குப் பிறகு பஸ். சிவப்பு பஸ், நம்ம ஊர் பஸ்ஸைப் போலவே டிரைவர் பக்கத்தில் பூவும் பத்தியும். முன் இருக்கை காலியாக இருந்தது. இத்தனை கூட்டத்தில் இது எப்படிக் காலியாக இருக்கிறது என்று யோசிக்காமல் இவர் பையோடு அதில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு புத்த பிக்கு ஏறினார். பஸ் முழுக்க இவரையே பார்த்தது. அந்த இருக்கை துறவிகளுக்கு என்று ஒதுக்கியது என்பது அப்போதுதான் புரிந்தது. இவர் அடித்துப் பிடித்து எழுந்தார். பை இவரோடு எழாமல் பிக்குவின் காலில் விழுந்தது. பிக்கு சிரித்தார். “பைக்கு மாத்திரம் மரியாதை தெரிஞ்சிருக்கு” என்று நான் முணுமுணுத்தேன்.

நாங்கள் தங்கிய வீடு குசும் என்ற அம்மாளுடையது. என் வயதுதான் இருக்கும். தனியாக இருக்கிறாள். ஓட்டு வீடு, விருந்தாளிகளுக்கு இரண்டு அறை, பின்னால் தென்னை மரங்கள், மரங்களுக்குப் பின்னால் கடல். முன்பு குவைத்தில் வீட்டு வேலை பார்த்தபோது கூட இருந்த மட்டக்களப்புப் பெண்ணிடம் தமிழ் கற்றிருந்தாள். மறந்த சொல்லுக்கெல்லாம் இங்கிலீஷ் போட்டு நிரப்பினாள். எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

செந்நிற அரிசியில் இடியாப்பம், தேங்காய்ச் சம்பல் என்கிற காரத் துவையல், மீன் குழம்பு என்று சாயங்காலமே இலை போட்டாள். நான் இரண்டாவது தடவை சம்பலுக்குக் கை நீட்டியபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. குசும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சாரி” என்றாள். “மழை. வெரி சாரி.”

இவர் எச்சில் கையோடு முற்றத்துக்குப் போய்விட்டார். நனைந்துகொண்டு அண்ணாந்து நின்றார். குசும் என்னைப் பார்த்தாள். நான் சம்பலைத் தின்றேன். எங்கள் ஊரில் மழையிடம் மன்னிப்புக் கேட்பவர்கள் உண்டு. மழைக்காக மன்னிப்புக் கேட்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

மழை விட்டதும் இவர் தென்னை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து மண்ணுக்குள் கையை விட்டார். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது கரிசல்காட்டுக்காரர்களின் கை தன்னால் செய்கிற வேலை. “பூரா மணலு. ஊத்துனா ஊத்துன இடத்துல காணாமப் போயிருது. இம்புட்டு மழை பெஞ்சு என்னத்துக்கு ஆகும்?” என்று வருத்தப்பட்டார். குசும் ஓடி வந்து, “மோதிரம் விழுந்துவிட்டதா?” என்று கேட்டு, அவளும் தோண்டத் தொடங்கினாள்.

அடுத்த நாளும் மழை. “சாரி” என்றாள். அதற்கு அடுத்த நாளும் மழை. பக்கத்து அறையில் இருந்த ஒரு ஜெர்மன்காரத் தம்பதி பையைத் தூக்கிக்கொண்டு வெயில் தேடிக் கிளம்பிவிட்டார்கள். குசும் வாசலில் நின்று ஆட்டோ மறைகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு எங்களிடம் திரும்பி, “நீங்களும் போய்விடுவீர்களா?” என்றாள். அவளுக்கு வருமானமே வருகிற ஆட்கள்தான்.

“நாங்க எதுக்கும்மா போறோம்? நாங்க வந்ததே நல்ல நேரம்” என்றார் இவர். அவள் நம்பவில்லை. நாங்கள் மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. மழை பெய்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் வெளியே வரும். அதுவும் நான் பாத்திரக்கடைக்காரி. அன்று மத்தியானம் மழை வலுத்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. குளியலறை வாளி, கப்பு, குப்பைக்கூடை எல்லாவற்றையும் ஓட்டு விளிம்புக்குக் கீழே வரிசையாக வைத்தேன். அந்த ஊரில் எருமைத் தயிரை மண்சட்டியில் உறைய வைத்து விற்கிறார்கள். மேலே பனைவெல்லப் பாகைப் போல ஒரு பாகு ஊற்றித் தருகிறார்கள். தின்று முடித்தால் சட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல சட்டியைத் தூக்கிப் போட எனக்கு மனது வருமா? கழுவி அடுக்கி வைத்திருந்தேன். அவற்றையும் வைத்தேன். நிரம்ப நிரம்ப அறைக்குள் கொண்டுவந்து சுவரோரமாக இறக்கினேன். பிறகு நிம்மதியாகக் கடற்கரைக்கு நடக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது எங்கள் அறைக் கூரையின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பாதி ஓட்டைப் பிரித்து முற்றத்தில் அடுக்கியாகிவிட்டது. கட்டிலைச் சுவரோரம் தள்ளி, எங்கள் பைகளின் மேல் பாலித்தீன் போட்டு மூடியிருந்தார்கள். குசும் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

“சாரி, சாரி. ரூம் ஒழுகுது. நீங்கள் சொல்லவில்லை. நான் பெருக்க வந்து பார்த்தேன். சுனில் இப்போது சரி செய்வான்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். ஒழுகுதா? நமக்குத் தெரியாமல் ஒழுகியிருக்கிறதோ என்னவோ. வீட்டுக்காரி சொல்கிறாளே என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

சுனில் இன்னும் நான்கு ஓட்டைப் பிரித்திருப்பான். கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அவன் தார்ப்பாயை விரிப்பதற்குள் மழை அறைக்குள் நேராக இறங்கிவிட்டது. மெத்தை, தலையணை, கொசுவலை எல்லாம் போச்சு. நால்வரும் மெத்தையை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்தோம். தயிர்ச் சட்டிகளில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நானே அவற்றை ஓட்டைக்குக் கீழே நகர்த்தினேன். அவற்றுக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்தது.

அடுக்களையில் உட்கார்ந்து தலையைத் துவட்டியபோது குசும் கேட்டாள். “முதலில் எந்தப் பக்கம் ஒழுகியது? சுனில் கேட்கிறான்.”

“ஒழுகவே இல்லையேம்மா” என்றார் இவர்.

“அப்போ அத்தனை தண்ணி?”

“அது நாங்க வெளிய வச்சுப் பிடிச்சது.”

“பைப்பில் தண்ணி வரவில்லையா?”

“நல்லா வருது.”

“அப்போ எதுக்கு?”

இவர் ஈரத் துண்டைப் பிழிந்தார். “மழை பெஞ்சுச்சு. அதான் வச்சோம்.”

“மழை பெய்தால் நாங்கள் கொடியில் இருக்கும் துணியை எடுப்போம்” என்றாள் குசும்.

“நாங்களும் எடுப்போம். வாளியை வச்சிட்டு அப்புறமா எடுப்போம்” என்றேன் நான்.

குசும் அதைச் சிங்களத்தில் சுனிலுக்குச் சொன்னாள். அவன் சிரித்துச் சிரித்து அம்மிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்னமோ சொன்னான். “உங்கள் ஊர்க்காரர்களை நிறைய அனுப்பச் சொல்கிறான். இவனுக்கு வருடம் முழுக்க ஓட்டு வேலை கிடைக்குமாம்” என்று அவள் எங்களுக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது, ஆனாலும் நானும் சிரித்தேன்.

ஜெர்மன்காரர்களின் அறைக்கு அவர்கள் போன கையோடு வர்ணம் பூசியிருந்தது, அது காயாமல் கிடந்தது. அன்று முதல் குசும் தன் சொந்தக் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அடுக்களையில் பாய் விரித்துக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவள் வீட்டுக் கூரையை நாங்கள் பிரிக்க வைத்தோம், அவள் எங்களுக்கு மெத்தை தட்டிப் போட்டாள். அந்த நன்றியை நான் எந்தப் பாத்திரத்தில் போட்டு அளப்பது?

மறுநாள் சாயங்காலம் பரளச்சியிலிருந்து என் கொழுந்தன் பாண்டி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டார் இவர்.

“அண்ணே, மழை!”

நான் கைதட்டினேன். குசும்கூட எட்டிப் பார்த்தாள். இவர் மட்டும் அசையவில்லை.

“எம்புட்டு?”

“பெஞ்சுச்சுண்ணே…” என்று பாண்டி இழுத்தான்.

“ஒரு உழவு இருக்குமாலே?” ஏர் உழுகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் அது ஒரு உழவு மழை. எங்கள் பக்கம் அதுதான் கணக்கு.

“அரை உழவுகூட வராதுண்ணே. புழுதி அடங்குச்சு. அம்புட்டுத்தேன்.”

இவர் போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எதிரே தண்ணீர், மேலே தண்ணீர், தென்னை மட்டையிலிருந்து சொட்டுகிறது தண்ணீர். அதற்கு நடுவில் அரை உழவு ஈரத்துக்காக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

காலையில் பாண்டி தோண்டிப் பார்த்துப் படம் அனுப்பினான். பள்ளத்துப் பக்கம் விதை ஊறி உப்பியிருந்தது. மேட்டில் இன்னும் ஈரம் எட்டவில்லை, விதை காய்ந்தபடியே கிடந்தது. இவர் உடனே பையைத் தேட ஆரம்பித்தார்.

“ஊருக்குப் போறேன்.”

“போயி? வாயில தண்ணி மோந்து துப்புவீகளா?” என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

குசும் என்ன விஷயம் என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். விதை, தூறல், சோலார்காரர்கள், புரோக்கர், எல்லாவற்றையும். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு வெகுநேரம் தேங்காய் துருவினாள். அதன் பிறகு அவள் எங்களிடம் மழைக்கு சாரி சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் காபியோடு வந்து, “உங்கள் மழை?” என்று மட்டும் கேட்பாள். இவர் தலையை ஆட்டுவார். சாயங்காலம் மேகம் திரண்டால் குசும் பின்கட்டில் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சத்தம் போடுவாள்.

“யாரைத் திட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“மழையை. இங்கே கிணறு நிறைந்துவிட்டது, கூரையும் போய்விட்டது, வெட்கமில்லாமல் இங்கேயே வருகிறாயே, அந்த ஐயா வீட்டுக்குப் போ என்று சொன்னேன்.”

பிறகு இருந்த நாட்களில் நாங்கள் உண்மையிலேயே சும்மா இருந்தோம். கரைவலை இழுக்கிறவர்களோடு இவர் கயிறு பிடித்தார். கையில் கொப்புளம் வந்ததும் விட்டார். நான் குசுமிடம் மீனைப் புளிப்புக் காய் அரைத்துச் சுண்ட வைக்கக் கற்றுக்கொண்டேன். கிளம்புகிற காலை தேங்காய்ப்பாலில் சோறு வேக வைத்து, தட்டில் பரப்பி, பர்பியைப் போல வில்லை வில்லையாக வெட்டி வைத்தாள். நல்ல காரியத்துக்குச் செய்வார்களாம். முதல் வில்லையை இவர் வாயிலேயே ஊட்டினாள். பெண்டாட்டி நான் பக்கத்தில் நிற்கிறேன். இவர் கூச்சத்தில் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். அவளுக்கென்று கடையிலிருந்து கொண்டு போயிருந்த எவர்சில்வர் தூக்குவாளியைக் கொடுத்தேன். “மழைக்கா?” என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினாள்.

அருப்புக்கோட்டையில் இறங்கிய உடனே இவர் வீட்டுக்குக்கூட வராமல், பையோடு பரளச்சி பஸ் ஏறிவிட்டார். ராத்திரி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். “பள்ளம் போச்சு. மேடு கிடக்கு” என்றார். அதாவது மேட்டு விதை இன்னும் உயிரோடு தூங்குகிறது. வந்தால் ஒரே மழையாக, நல்ல மழையாக வர வேண்டும். புரோக்கர் கடைக்கு வந்து இரண்டு குடம் விலை விசாரித்துவிட்டுப் போனார். அவர் குடம் வாங்க வரவில்லை என்று எங்களுக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரு காலை குசுமிடமிருந்து படம் வந்தது. அவள் வீட்டு ஓட்டு விளிம்புக்குக் கீழே வாளிகள், தயிர்ச் சட்டிகள், நான் கொடுத்த தூக்குவாளி எல்லாம் வரிசையாக நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. கூடவே அவள் குரல். “இங்கே நேற்றிலிருந்து விடாத மழை. டிவியில் சொல்கிறார்கள், இங்கிருந்து உங்கள் பக்கம்தான் வருகிறதாம். நான் அனுப்பிவிட்டேன். வாளியை வையுங்கள்.”

இவர் அதைக் கேட்டுவிட்டுப் பரளச்சி பஸ்ஸுக்குப் போனார். நான் கடை முன்னால் பெரிய அண்டா இரண்டையும் இழுத்து வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர், “என்னக்கா, வெயில் மண்டையப் பொளக்குது?” என்றார். “வரும்” என்றேன்.

மறுநாள் மத்தியானம் வந்தது. தகரத்தில் ஆணி அடிப்பது போல முதல் சொட்டுகள் அண்டாவில் விழுந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் தனியாகக் கேட்கவில்லை. ஒரே இரைச்சல். இவர் காட்டிலிருந்து போன் செய்தார். மழைச் சத்தத்தில் கத்தினார்.

“ஏ செல்வி! கையை விட்டேன், முழங்கை வரைக்கும் ஈரம்!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் ஒரு வாடிக்கையாளர் தோசைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

மேட்டில் முளைத்தது. இரண்டிரண்டு இலையாக உழவுசால் பிடித்து வரிசையாக நிற்கிற படத்தை இவர் அனுப்பினார். பள்ளத்தில் பாண்டியும் இவரும் மறுபடி விதை ஊன்றினார்கள். அடுத்த தடவை வந்த புரோக்கரிடம் இவர், “இப்பக் குடுக்குற மாதிரி இல்ல” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

படத்தைக் குசுமுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அவள் கூரை சரியாகிவிட்டதாம், ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்திருக்கிறதாம். அங்கே நல்ல வெயிலாம். எங்கள் கடைத் தகரத்தில் மறுபடி சடசடக்க ஆரம்பித்தது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“என்ன சத்தம்?”

“மழை, குசும். இப்பவும் பெய்யுது.”

“ஓ! சாரி” என்றாள்.

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். இவர் என் கையிலிருந்து போனை வாங்கி, “சாரி இல்லம்மா, சாரி இல்ல” என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று அதை அண்டாவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.